கோட்டுக்கு வெளியே நின்றவர்

இந்த வாரத் தபாலில் வந்த கடிதங்களில் ஒன்று கொஞ்சம் விசேஷமானது. பட்சணக் குறிப்புக் கேட்கவில்லை. மாமியார் மருமகள் வழக்குக்குத் தீர்ப்பும் கேட்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் கேட்டிருப்பது கால்பந்தைப் பற்றி!

ஆச்சரியப்படாதீர்கள். நாகர்கோவிலிலிருந்து கடலை நோக்கிப் போகிற பாதையில் இருக்கிற ஊர் அது. ஊரைத் தாண்டிப் போனால் துறை. அந்த மாவட்டத்துக் கடற்கரைக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு சென்னையில் இருக்கிற நமக்கு அவ்வளவாகத் தெரியாது. மேற்கே தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை வரையில் கரையோரம் நெடுகப் பையன்கள் மாலை வேளையில் பந்து உதைத்துக் கொண்டிருப்பார்கள். அந்தக் கரையிலிருந்து சந்தோஷ் டிராபி ஆடப் போனவர்கள் பலர். இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரையில் போய் ஆடியவர்.

சகோதரியின் மகனுக்குப் பத்தொன்பது வயது. ஊர்க் கோஷ்டியில் முன்னணியில் நின்று கோல் போடுகிறவன். போன வருஷம் ஒரு பந்தயத்தில் முழங்கால் திருகிக் கொண்டது. ஆபரேஷன் ஆயிற்று. நடக்கிறான்; ஆனால் பழையபடி ஓடி ஆடுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் பையன் கடற்கரைப் பக்கம் தலை காட்டுவதில்லை. சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று, "அண்ணே, வந்து சொல்லித் தா" என்று கூப்பிடுகிறார்களாம். இவன் உள்ளே சுவரைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

"அவனுக்க அப்பா, 'கால்தான் போச்சே, இனி என்னத்துக்குப் பந்து?' என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆடத் தெரிந்தவனுக்குக் கால் போனால் மிச்சம் என்ன? பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஒரு வேலையா? அப்படிப் போய்ப் பெரிய ஆளானவர் யாராவது உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

உண்டு, சகோதரி. ஒருவரைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். மற்ற வாசகிகளும் கேட்கலாம். பந்தையே பார்க்காதவர்கள்கூடப் பாதியில் எழுந்து போக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று கோல்கள்

1960ஆம் வருஷம் ரோமாபுரியில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. நம் தேசத்துக் கால்பந்துக் கோஷ்டியும் போயிருந்தது. ஹங்கேரியிடம் 1–2 என்று தோற்றோம். பிரான்சுடன் 1–1 என்று சமமாக முடிந்தது. பெரு தேசத்திடம் 1–3 என்று தோற்றோம். ஆக மூன்று ஆட்டங்களில் நாம் போட்ட கோல்கள் மூன்று. அவற்றைப் போட்டவர்கள் மூன்று முன்னணி ஆட்டக்காரர்கள்.

ஹங்கேரிக்கு எதிராகப் போட்டவர் துளசிதாஸ் பலராமன். செகந்தராபாத்தில் பிறந்த தமிழர். பிரான்சுக்கு எதிராகப் போட்டவர் கோஷ்டியின் காப்டன், வங்காளத்துப் பிரதீப் குமார் பானர்ஜி. 'பி.கே.' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பெருவுக்கு எதிராகப் போட்டவர் சைமன் சுந்தரராஜ். அவரும் தமிழர். அதன் பிறகு இன்றுவரை இந்தியக் கால்பந்துக் கோஷ்டி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை. ஆகவே ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசி கோல் ஒரு தமிழருடைய காலிலிருந்து புறப்பட்டது!

இந்த மூவரில் பலராமன் உடல்நலக் குறைவால் இளமையிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். மற்ற இருவரும், கால் ஓய்ந்த பிறகு, பிறருக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலையில் இறங்கினார்கள். சுந்தரராஜ் செய்த காரியம் உங்கள் ஊருக்கு அடுத்த வீட்டில் நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பானர்ஜியின் கதை.

ரயில்வே உத்தியோகஸ்தர்

1936 ஜூன் 23ந் தேதி ஜல்பாய்குரி ஜில்லாவில் பிறந்தவர் பானர்ஜி. குடும்பம் பிற்பாடு ஜாம்ஷெட்பூருக்குக் குடியேறியது. பதினைந்து பதினாறு வயதிலேயே பீஹார் மாகாணத்துக்காக சந்தோஷ் டிராபியில் வலது ஓரத்தில் நின்று ஆடினார். 1954இல் கல்கத்தாவுக்கு வந்து ஆரியன் கிளப்பில் சேர்ந்தார். மறு வருஷம் கிழக்கு ரயில்வேயில் உத்தியோகம் கிடைத்தது.

கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று இரண்டு பெரிய கிளப்புகள். அவற்றில் ஆடுவதுதான் எந்தப் பையனுக்கும் கனவு. பானர்ஜியோ ஆட்டக்காரராக இருந்த காலம் முழுவதும் இரண்டிலும் சேரவில்லை. மாதச் சம்பளம் தருகிற ரயில்வேயிலேயே இருந்துவிட்டார். 1958இல் அந்த ரயில்வே கோஷ்டி கல்கத்தா லீக்கையே ஜெயித்துக் காட்டியது! பெரிய கிளப்புகளைச் சேராத இன்னொரு கோஷ்டி அந்த லீக்கை ஜெயிக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் அதன் அருமை தெரியும்.

1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நாலாவது இடம் பெற்றபோது பானர்ஜி அதில் ஆடினார். 1958, 1962, 1966 என்று மூன்று ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் ஆடினார். 1961இல் அர்ஜுனா விருது ஏற்படுத்தப்பட்டபோது கால்பந்துக்காக அதை முதன் முதலில் பெற்றவரும் அவர்தான்.

ஆனால் அவருடைய வாழ்க்கையில் முக்கியமான பாடம் நடந்த இடம் ஜகார்த்தா நகரம். 1962ஆம் வருஷம். அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய பள்ளிக்கூட வாத்தியார்.

அடிபட்டவனுக்கு வேறு இடம்

ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம்தான் அந்த வாத்தியார். 1950 முதல் இந்தியக் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்து வந்தவர். 1962இல் ஆசியப் பந்தயத்துக்குப் போனபோது அவரைப் புற்றுநோய் பிடித்திருந்தது.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0–2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை ஜெயித்தார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் பின்னணியில் மலை போல் நிற்கிற ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் அடி. தையல் போட வேண்டியதாயிற்று. பின்னணி ஆட்டக்காரன் பந்தைத் தலையால் முட்டி முட்டித் தள்ள வேண்டியவன். தலையில் தையலோடு அவன் எப்படி நிற்பான்?

வேறு யாராக இருந்தாலும் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார்கள். ரஹீம் சாகேப் என்ன செய்தார் தெரியுமா? அவரைப் பின்னாலிருந்து எடுத்து முன்னணியில் கொண்டு போய் நிறுத்தினார்! செப்டம்பர் 4ந் தேதி இறுதி ஆட்டம். மறுபடியும் அதே தென் கொரியா. அரசியல் காரணத்தால் அந்த ஊர் ஜனங்களுக்கு அப்போது இந்தியா மீது கோபம். மைதானம் நிறைந்த கூட்டம் நம் பையன்களைப் பார்த்துக் கூச்சல் போட்டது. நம்மை உற்சாகப்படுத்த அங்கே இருந்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி கோஷ்டியினர்தான் என்று சொல்வார்கள்.

ஆட்டத்துக்கு முந்திய இரவு ரஹீம் தம் பையன்களைக் கூட்டி வைத்துப் பேசினாராம். எனக்கு ஒரு பரிசு கொடுங்கள், நாளை தங்கப் பதக்கம் வேண்டும் என்று கேட்டாராம். அவ்வளவுதான். அந்த மனிதர் இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்பது தெரியாத நிலைமை. மறுநாள் 17வது நிமிஷத்தில் பானர்ஜி ஒரு கோல் போட்டார். மூன்று நிமிஷம் கழித்து இரண்டாவது கோல். அதைப் போட்டவர், தலையில் தையல் போட்டிருந்த ஜர்னெயில் சிங்! இந்தியா 2–1 என்று ஜெயித்தது. ரஹீம் மறு வருஷம் ஜூன் மாதம் காலமானார்.

சகோதரி, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அடிபட்ட ஒருவனைப் பார்த்து 'இவன் கதை முடிந்தது' என்று ரஹீம் சொல்லவில்லை. இவனை எந்த இடத்தில் நிறுத்தினால் உபயோகப்படுவான் என்று பார்த்தார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தவர் பானர்ஜி.

கைப்பக்குவமும் வாய்ப்பக்குவமும்

பானர்ஜிக்கும் காயங்கள் வந்தன. தேசியக் கோஷ்டியில் இடம் போயிற்று. 1967இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். வயது முப்பத்தொன்று. ரயில்வே உத்தியோகம் இருக்கவே இருக்கிறது. பேசாமல் ஆபீசுக்குப் போய் வந்து கொண்டு, பழைய பெருமையைப் பேசிக் காலம் தள்ளியிருக்கலாம்.

அவர் மறுபடியும் மாணவரானார். 1969இல் சர்வதேசக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா, ஜப்பானில் பயிற்சியாளர்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்தியது. டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியர் ஆசான். இரண்டு ஒலிம்பிக் ஆடிய பானர்ஜி அங்கே போய்ப் பாடம் கேட்டார்.

ஆடத் தெரிந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தனியாகப் படிப்பு எதற்கு என்று தோன்றும். நம் வீட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சில பாட்டிமார் வைக்கிற ரசத்துக்கு ஈடே இருக்காது. "எவ்வளவு புளி, பாட்டி?" என்று கேட்டால், "அது கைத்திட்டம், கண்ணு" என்பார்கள். கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. புது மருமகள் பக்கத்தில் நின்று முழிப்பாள். கோல் போடுகிறவனும் அப்படித்தான். பந்து வந்ததும் கால் தானாகத் திரும்பிவிடும். ஏன் அந்தப் பக்கம் திரும்பினாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலில் இருக்கிற வித்தையை நாக்குக்குக் கொண்டு வருவதுதான் பயிற்சியாளன் கற்க வேண்டிய பாடம்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆட்டக்காரன் தப்பு நடந்தால் ஓடிப் போய்த் திருத்தலாம். பயிற்சியாளன் கோட்டுக்கு வெளியே நிற்கிறவன். உள்ளே கால் வைக்கக் கூடாது. கண் முன்னால் எல்லாம் கெட்டுப் போனாலும் கையைப் பிசைந்து கொண்டு நிற்க வேண்டியதுதான். பிள்ளையைப் பரீட்சை ஹாலுக்குள் அனுப்பிவிட்டு வாசலில் காத்திருக்கிற தாய்மாருக்கு அந்த வேதனை நன்றாகப் புரியும். முன்கூட்டிச் சொல்லி அனுப்பிய சொல் ஒன்றுதான் உள்ளே துணைக்குப் போகும்.

அந்தச் சொல்லில்தான் பானர்ஜி கெட்டிக்காரர். ஆட்டத்துக்கு முன்னால் அவர் பேசுகிற பேச்சுக்கு 'வோகல் டானிக்' என்றே கல்கத்தாவில் பெயர் ஏற்பட்டது. வாயால் புகட்டுகிற டானிக்!

ஒதுக்கப்பட்டவர் திரும்பி வந்தார்

1970இல் பாங்காக்கில் நடந்த ஆசியப் பந்தயத்தில் இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது. அந்தக் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தவர்களில் பானர்ஜியும் ஒருவர். 1972இல் ஈஸ்ட் பெங்கால் கிளப் அவரை அழைத்தது. அந்த வருஷம் முதல் 1975 வரை கல்கத்தா லீக்கும் ஐ.எப்.ஏ. கேடயமும் வருஷா வருஷம் ஈஸ்ட் பெங்காலுக்கே போய்ச் சேர்ந்தன. 1973 கேடய இறுதி ஆட்டத்தில் வட கொரியாவிலிருந்து வந்திருந்த பியாங்யாங் கோஷ்டியை 3–1 என்று தோற்கடித்தார்கள்.

இந்த வெற்றிகளைவிட நான் பெரிதாக நினைப்பது சுபாஷ் பௌமிக்கின் கதையை. அவரும் முன்னணி ஆட்டக்காரர். மோகன் பகானில் ஆடிக் கொண்டிருந்தார். உடம்பு கனத்துவிட்டது, ஆட்டம் போய்விட்டது என்று பேச்சு எழுந்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் 'தீர்ந்து போனவர்' என்ற பட்டம்! 1973இல் பானர்ஜி அவரை ஈஸ்ட் பெங்காலுக்கு அழைத்துக் கொண்டார். கசக்கிப் பிழிந்து பயிற்சி கொடுத்தார். பௌமிக் மறுபடியும் எழுந்தார். அடுத்த சில வருஷங்கள் கல்கத்தாவில் பின்னணி ஆட்டக்காரர்கள் பயந்த பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

1975 செப்டம்பர் 30ந் தேதி கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5–0 என்று தோற்கடித்தது. அந்த இரண்டு கிளப்புகளுக்குள் அப்படி ஒரு தோல்வி அதற்கு முன் கேடய இறுதி ஆட்டத்தில் நடந்ததில்லை. மோகன் பகான் ரசிகர்கள் வீடுகளில் அன்று அடுப்பு மூட்டியிருப்பார்களா என்பதே சந்தேகம்.

வேடிக்கை என்னவென்றால், மறு வருஷமே மோகன் பகான் பானர்ஜியைத் தம் பக்கம் அழைத்துக் கொண்டது. ஐந்து கோல் வாங்கித் தலை குனிந்திருந்த கோஷ்டி. 1976 ஜூலை 24ந் தேதி லீக் ஆட்டத்தில் மறுபடியும் ஈஸ்ட் பெங்காலோடு மோதல். ஆட்டம் தொடங்கிப் பதினேழாவது விநாடியில் மோகன் பகானின் முகமது அக்பர் கோல் போட்டுவிட்டார்! நிமிஷம் அல்ல, விநாடி. அந்த ஒரு கோலிலேயே ஆட்டம் ஜெயம். தலை குனிந்தவர்களை நிமிர்த்த ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

1977 செப்டம்பர் 24ந் தேதி உலகப் பிரசித்தி பெற்ற பெலே தம் நியூயார்க் காஸ்மாஸ் கோஷ்டியோடு கல்கத்தா ஈடன் தோட்டத்துக்கு வந்தார். பெலேயைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தால் போதும் என்று ஊரே நினைத்தது. பானர்ஜியின் மோகன் பகான் பையன்கள் 2–2 என்று சமமாக ஆடினார்கள். அந்த வருஷம் ஐ.எப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை, டுராண்ட் கோப்பை மூன்றும் மோகன் பகானுக்கு.

எல்லாம் வெற்றிதானா என்று கேட்பீர்கள். இல்லை. 1982இல் டில்லியில் ஆசியப் பந்தயம் நடந்தபோது தேசியக் கோஷ்டி அவர் பொறுப்பில்தான் இருந்தது. சொந்த மண், சொந்த ஜனங்கள். கால் இறுதியில் சவூதி அரேபியாவிடம் ஆட்டம் முடிகிற தறுவாயில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். ஆட்டக்காரராக ஆசியத் தங்கம் வாங்கிய பானர்ஜிக்கு, பயிற்சியாளராக அந்தத் தங்கம் கிடைக்கவேயில்லை. அதற்காக அவர் வேலையை விட்டுப் போய்விடவில்லை.

கேலியே மருந்தாயிற்று

1991 முதல் சில வருஷம் ஜாம்ஷெட்பூரில் டாட்டா கால்பந்துப் பள்ளியில் இளம் பையன்களை உருவாக்கினார். பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குத் திரும்பினார். அப்போது அறுபத்தொரு வயது. எதிரே மோகன் பகானுக்குப் பயிற்சியாளர் அமல் தத்தா. அவரும் மகா கெட்டிக்காரர். சொந்தக் காசில் இங்கிலாந்து போய்ப் பயிற்சிக் கலையைக் கற்று வந்தவர். ஆட்டக்காரர்களை வைர வடிவத்தில் நிறுத்துகிற புது வியூகத்தால் கோல் மழை பொழிய வைத்துக் கொண்டிருந்தார்.

1997 ஜூலை 13ந் தேதி பெடரேஷன் கோப்பை அரை இறுதி. சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேருக்கு மேல் கூடினார்கள். அமல் தத்தா ஆட்டத்துக்கு முன்னால் ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களுக்குக் கேலிப் பெயர்கள் வைத்துப் பத்திரிகைக்காரர்களிடம் பேசியிருந்தார். சிக்கிமிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் பாய்ச்சுங் பூட்டியாவும் அதற்குத் தப்பவில்லை.

பானர்ஜி பதிலுக்குக் கேலி செய்யவில்லை. அந்தக் கேலியையே எடுத்துத் தம் பையன்களுக்கு டானிக்காகக் காய்ச்சிக் கொடுத்துவிட்டார். ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று ஜெயித்தது. பாய்ச்சுங் பூட்டியா மட்டும் மூன்று கோல்!

இனி ஜகார்த்தாவுக்கு வருவோம். பானர்ஜி கோல் போட்டுத் தங்கம் வாங்கிய அதே நகரத்தில், நாற்பத்தொரு வருஷம் கழித்து, 2003 ஜூலையில் ஆசியான் கிளப் பந்தயம் நடந்தது. இந்தியாவிலிருந்து ஈஸ்ட் பெங்கால் போயிருந்தது. இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனா கோஷ்டியை 3–1 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. அந்தக் கோஷ்டியின் பயிற்சியாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? சுபாஷ் பௌமிக்! முப்பது வருஷத்துக்கு முன் 'தீர்ந்து போனவர்' என்று பட்டம் வாங்கிய அதே பௌமிக்.

வாத்தியார் ரஹீம் அடிபட்ட ஜர்னெயில் சிங்கை ஒதுக்கவில்லை. அதைப் பார்த்த பானர்ஜி பௌமிக்கை ஒதுக்கவில்லை. பௌமிக் பயிற்சியாளராகிக் கடல் கடந்து கோப்பை கொண்டு வந்தார். பானர்ஜி தம் காலால் போட்ட கோல்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. அவர் சொல்லிக் கொடுத்தது அதற்கப்புறமும் ஆடிக் கொண்டே இருந்தது.

2004இல் ஃபிஃபா தன் நூற்றாண்டையொட்டி அவருக்கு உயர்ந்த கௌரவம் அளித்தது. 2020 மார்ச் 20ந் தேதி, தம் எண்பத்து மூன்றாவது வயதில் அவர் காலமானார்.

அடுத்த வீட்டு விஷயம்

சைமன் சுந்தரராஜைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? உங்கள் ஊர் 1956 நவம்பர் வரையில் திருவாங்கூர்–கொச்சியோடு இருந்தது. பிறகுதான் நம்மோடு சேர்ந்தது. கேரளம் தனி ராஜ்யமாகிப் பதினேழு வருஷம் வரை சந்தோஷ் டிராபியை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. 1973 டிசம்பரில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் இறுதி ஆட்டம். ரயில்வே கோஷ்டியோடு மோதல். கேரளத்தின் காப்டன் டி.கே.எஸ். மணி மூன்று கோல் போட்டார். 3–2 என்று கேரளம் ஜெயித்தது. அந்தக் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தவர் நம் சைமன் சுந்தரராஜ்! இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோலைப் போட்டவர், கேரளத்தின் முதல் சந்தோஷ் டிராபிக்கு வழி காட்டினார். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஆட்டத்தை ஞாபகம் வைத்திருப்பவர்கள் அங்கே இருக்கக்கூடும்.

சம்பளம் வருமா?

இனி உங்கள் கேள்விக்கு நேரான பதில். ஒளிக்காமல் சொல்கிறேன். கால்பந்து சொல்லிக் கொடுத்துப் பானர்ஜியைப் போல் பெயர் வாங்குகிறவர் லட்சத்தில் ஒருவர். அவர்கூட ரயில்வே உத்தியோகத்தை நம்பித்தான் ஆடினார். ஆகவே மகன் படிப்பையோ கைத்தொழிலையோ விட்டுவிடக் கூடாது. அப்பாவுடைய கவலையில் பாதி நியாயம்.

மீதிப் பாதிக்கு வருவோம். இது சும்மா பொழுதுபோக்கு வேலை அல்ல. முறையான படிப்பு இருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பயிற்சியாளர்களுக்கு டி, சி, பி, ஏ என்று படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கிறது. பெரிய கோஷ்டியில் ஆடியவனாக இருந்தால்தான் முதல் படியில் சேரலாம் என்பதில்லை. பாட்டியாலாவில் 1961இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய விளையாட்டுக் கல்வி நிலையத்தில் பயிற்சியாளர் டிப்ளோமாவும் உண்டு. பள்ளிக்கூடங்களிலும் கால்பந்துப் பள்ளிகளிலும் இப்படிப் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. ஜில்லாக் கால்பந்து சங்கத்தில் விசாரித்தால் அடுத்த வகுப்பு எப்போது, எங்கே என்று சொல்வார்கள்.

முழங்கால் விஷயத்தில் டாக்டர் சொல்லைத் தட்ட வேண்டாம். ஓட வேண்டாம், உதைக்க வேண்டாம். ஒரு நாற்காலியைக் கொண்டு போய் மணலில் போட்டு உட்காரச் சொல்லுங்கள். முதல் நாள் பத்துப் பிள்ளைகளின் பெயரையும், யாருக்கு எந்தக் கால் வாகு என்பதையும் ஒரு நோட்டில் எழுதட்டும். இரண்டாம் நாள் பந்தை நிறுத்துவதை மட்டும் சொல்லிக் கொடுக்கட்டும். வாயைத் திறந்தால்தான் தெரியும், தனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பது. முதல் வாரம் எரிச்சல் வரும். தான் சுலபமாகச் செய்ததை அந்தக் குட்டிகள் செய்யவில்லையே என்று கோபம் வரும். வீட்டுக்கு வந்து சிடுசிடுப்பான். பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். வாசலில் வந்து கூப்பிடுகிற பிள்ளைகளில் பெண் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை 2018இலும் 2023இலும் ஜெயித்தது தமிழ்நாட்டுப் பெண்கள்தான். அவர்களுக்கும் யாரோ ஓர் அண்ணனோ அக்காளோ முதலில் பந்தை நிறுத்தச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அவனிடம் இதையெல்லாம் உபதேசமாகச் சொல்ல வேண்டாம். பத்தொன்பது வயதுக்கு உபதேசம் கசக்கும். அவன் அப்பாவிடம் ஒரே ஒரு காரியம் கேளுங்கள். நாளைச் சாயங்காலம் பிள்ளைகள் வந்து கூப்பிடும்போது, அந்த நாற்காலியை அவர் கையால் தூக்கிக் கொண்டு முன்னால் நடக்கட்டும். பையன் பின்னால் வருவான்.